டெல்லியில் நம்ம ஊர்க் கேள்வி: செட்டிநாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்பவை

"கல்வி அமைச்சர் பதில்", "எரிசக்தி அமைச்சர் விளக்கம்", "வர்த்தக அமைச்சர் எழுத்து மூலம் தகவல்" என்று பேப்பரில் மூன்று வரி வரும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி பக்கம் டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, "நம்ம ஊர் விஷயத்தை யாரும் கேட்கலையே" என்று அலுத்துக்கொள்வோம். கேட்க வைக்க வழி இருக்கிறது. கேட்டால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அமைச்சரிடம் நானே நேரடியாகக் கேட்க முடியுமா?

முடியாது. எம்.பி. வழியாகத்தான் கேட்க முடியும். ஆனால் கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். பல எம்.பி. அலுவலகங்களில் கேள்வி எழுதுவது உதவியாளர்களின் வேலை. ஊர் விவரம் தெரிந்த ஒருவர் பக்குவமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் சுமை குறையும்.

சட்டமன்றத்தில் ஒருவர் இப்படிக் கேள்வி கேட்கும் உரிமை இந்தியாவுக்கு வந்ததே 1892-ம் ஆண்டு சட்டத்தால்தான். பதிலுக்கு மேல் துணைக்கேள்வி போடும் உரிமை 1909-ல் வந்தது.

நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமிடாத கேள்வி என்கிறார்களே, எது நல்லது?

நட்சத்திரமிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் அதன்மேல் துணைக்கேள்வி போடலாம். சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் போடலாம். நட்சத்திரமிடாததற்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 எழுத்துக் கேள்விகள். மாநிலங்களவையில் 15-ம் 160-ம். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் 2014 இறுதியிலிருந்து பகல் 12 மணிக்கு.

நட்சத்திரம் என்றால் மவுசு அதிகம்தான். ஆனால் எந்தக் கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. 20-ல் பாதிக்குக்கூட நேரம் எட்டாத நாட்களே அதிகம். ஒரு எம்.பி. பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் இடம்பெறும், எல்லாம் சேர்த்து ஐந்து. புள்ளிவிவரம்தான் வேண்டும் என்றால் எழுத்துக் கேள்வியே போதும் என்பது என் கணக்கு. நட்சத்திரம் கிடைத்தால் தொலைக்காட்சியில் முகம் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சில சமயம் தோன்றும். அமைச்சரை நிறுத்திவைத்துத் துருவ வேண்டிய விஷயம் இருந்தால் மட்டும் நட்சத்திரத்துக்கு மெனக்கெடலாம்.

அவையில் கூச்சல் போட்டு ஒத்திவைத்துவிட்டால் கேள்வி போச்சா?

போகாது. அன்றைய நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்துப் பதில் அவை மேசையில் வைக்கப்பட்டுவிடும். இழப்பது துணைக்கேள்வியை மட்டும்தான். பதிலை நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் எம்.பி. பெயர், அமைச்சகம், தேதி எதை வைத்தும் தேடி எடுக்கலாம்.

செட்டிநாட்டுக்கு எம்.பி. யார்? எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறதே.

மாவட்டம் வேறு, தொகுதி வேறு. சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரையோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும் ஆலங்குடியும் சேர்ந்திருக்கின்றன. தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், 2009 தேர்தலிலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது. ஆகவே திருமயம் தொகுதிக்காரர்களும் சிவகங்கை எம்.பி.யிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் பற்றி நம்ம எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று விதி கிடையாது. தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களில், 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

எம்.பி.யே மத்திய அமைச்சராகிவிட்டால் ஊருக்கு லாபம்தானே?

கேள்வி நேரத்தைப் பொறுத்தவரை நஷ்டம். அமைச்சர் பதில் சொல்லும் பக்கம் உட்கார்ந்திருப்பவர், கேள்வி கேட்க மாட்டார். 2004 முதல் 2014 வரை சிவகங்கை எம்.பி.யான ப. சிதம்பரம் நிதி, உள்துறை, மறுபடி நிதி என்று அமைச்சராகவே இருந்தார். அந்தப் பத்து வருடமும் சிவகங்கையின் பெயரில் கேள்வித்தாளில் ஒரு வரி வந்திருக்க முடியாது. வேறு தொகுதிக்காரர் கேட்டால் உண்டு. அதற்கு முன்பு 1990-களில் வர்த்தகத் துறையைக் கையில் வைத்திருந்து ஏற்றுமதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவரும் இதே செட்டிநாட்டுக்காரர்தான். அமைச்சரின் வீட்டு வாசலில் மனு கொடுத்து வேலை முடித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அது வேறு வழி, அதற்குப் பதிவு கிடையாது.

எதை டெல்லியில் கேட்பது, எதைச் சென்னையில் கேட்பது?

முதல் சல்லடை இதுதான். மத்திய அரசுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் உள்ளே போகும்போதே தள்ளிவிடுவார்கள்.

கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தத்தில், மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. மின்சாரமும் பொதுப்பட்டியல். வெளிநாட்டு வர்த்தகம் முழுக்க மத்திய அரசுடையது. மாநிலத்துக்குள் நடக்கிற வியாபாரம் மாநிலத்துடையது. ஆகவே உங்கள் தெரு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை, டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது, சந்தைப்பேட்டையில் கடை ஒதுக்கவில்லை என்பதெல்லாம் எம்.எல்.ஏ.வுக்கு உரியவை. சட்டமன்றத்திலும் கேள்வி நேரம் உண்டு.

காரைக்குடி சிக்ரி பற்றி கல்வி அமைச்சரிடம் கேட்கலாமா?

வேண்டாம், அங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கல்வி அமைச்சகத்தின் கீழ் இல்லை. அது அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வகம், பதில் சொல்ல வேண்டியவர் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். பேட்டரி ஆராய்ச்சி நடப்பதால் எரிசக்தி அமைச்சகம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் இல்லை.

"சிக்ரி வளர்ச்சிக்கு என்ன நடவடிக்கை?" என்று கேட்டால் ஒரு பக்கத்துக்குப் புகழுரை வரும். இப்படிக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட விஞ்ஞானி பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை, கடந்த ஐந்தாண்டில் லித்தியம், சோடியம் பேட்டரி தொழில்நுட்பம் எத்தனை நிறுவனங்களுக்கு மாற்றித் தரப்பட்டது, அதில் வந்த வருமானம் எவ்வளவு. நாலும் எண்கள். எண் கேட்டால் அமைச்சகம் எண் கொடுக்க வேண்டும், அல்லது இல்லை என்று எழுத வேண்டும்.

அழகப்பா பல்கலைக்கழகம்?

1985-ல் தொடங்கிய மாநிலப் பல்கலைக்கழகம். துணைவேந்தர் நியமனம், பேராசிரியர் காலியிடம், கட்டணம் எல்லாம் சென்னைக்கு உரியவை. பல்கலைக்கழக மானியக் குழு தந்த நிதி, மத்திய உயர்கல்வித் திட்டங்களில் ஒதுக்கியதும் விடுவித்ததும் எவ்வளவு என்பதை டெல்லியில் கேட்கலாம். "ஒதுக்கீடு", "விடுவிப்பு", "செலவு" மூன்றையும் தனித்தனியாகக் கேட்க மறக்காதீர்கள். ஒதுக்கீட்டை மட்டும் சொல்லி முடித்துவிடுவது அமைச்சகங்களுக்குக் கைவந்த கலை.

பள்ளிகளுக்கு மத்திய நிதி வரவில்லை என்கிறார்களே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

கேட்டார்கள். 2025 மார்ச் 10 அன்று மக்களவைக் கேள்வி நேரத்தில் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் பற்றிய துணைக்கேள்விக்குக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதில் சொல்லும்போது, தமிழக எம்.பி.க்களைக் குறித்துச் சொன்ன ஒரு சொல்லால் அமளி வெடித்தது. பிறகு அவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த நாள் செய்தி முழுக்க அந்தச் சொல்லைப் பற்றியே இருந்தது. பணம் பற்றிய பேச்சு அதற்கு அடியில் புதைந்துபோனது.

அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு மீது வழக்குப் போட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதோடு சமக்ர சிக்ஷா என்ற மத்தியப் பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியை முடிச்சுப் போட்டது தவறு என்பது மாநிலத்தின் வாதம். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைப் பற்றிக் கேள்வி கேட்க விதி தடை போடுகிறது. ஆகவே சுற்றிப் போக வேண்டும். எந்த ஆண்டு, எந்தத் தேதியில், எந்த மாநிலத்துக்கு, எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்று எல்லா மாநிலங்களுக்கும் அட்டவணை கேட்டால் அதில் வழக்கு எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சிவகங்கையில் மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி கேட்கலாமா?

கேட்டால் வரும் பதில் இப்போதே தெரியும்: மாநில அரசு இடம் கொடுத்து இசைவு தெரிவிக்க வேண்டும். மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாடு அந்தத் திட்டத்தை ஏற்காமல் இருந்துவந்திருக்கிறது. அது சரியா தவறா என்பது வேறு சண்டை. கேள்வித்தாளில் ஒரு இடத்தை அதற்கு வீணாக்காதீர்கள்.

பிள்ளைக்குக் கல்விக் கடன் தர வங்கி இழுத்தடிக்கிறது.

வங்கிகள் நிதி அமைச்சகத்தின் கீழ் வரும். தனிப்பட்ட குறையை நாடாளுமன்றக் கேள்வியாக்க முடியாது. மாவட்ட வாரியாக எத்தனை விண்ணப்பம், எத்தனை அனுமதி, எத்தனை நிராகரிப்பு என்று கேட்க முடியும். உங்கள் பிள்ளை விஷயத்துக்கு எம்.பி.யின் கடிதம்தான் மருந்து.

எரிசக்திக்கு ஒரே அமைச்சர்தானே?

இல்லை. மின்சாரத்துக்கு ஒருவர், சூரிய ஒளி, காற்றாலைக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், கேஸ் சிலிண்டருக்குப் பெட்ரோலிய அமைச்சகம், நிலக்கரிக்குத் தனி, அணுசக்தி பிரதமரின் பொறுப்பில். வாகன பேட்டரித் தொழிற்சாலைக்கான ஊக்கத்தொகை கனரகத் தொழில் அமைச்சகத்தில் இருக்கிறது. மின்கட்டணம், மீட்டர், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எல்லாம் மாநிலத்தின் விஷயம்.

ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். தப்பான அமைச்சகத்துக்குப் போட்டால் கேள்வி இடம் மாறி, நாள் மாறி, சில நேரம் கூட்டத்தொடரே முடிந்துவிடும்.

எங்கள் வீடு பெரிய வீடு, பங்காளிகள் பலபேர். மாடியில் சோலார் போட மானியம் கிடைக்குமா? இதை அமைச்சரிடம் கேட்க முடியுமா?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடுகள் இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். தனி வீட்டுக்கு இப்படி. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000.

நம்ம வளவு வீடு, அதாவது பங்காளிகள் பலருக்குப் பொதுவான பரம்பரை வீடு, இந்த இரண்டிலும் அடங்காது. மின் இணைப்பு ஐயா பெயரில் இருக்கும், ஐயா காலமாகி முப்பது வருடம் ஆகியிருக்கும். பங்கு இருபது பேருக்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேசுவதே இல்லை. கையெழுத்து வாங்குவதற்குள் மானியத் திட்டமே முடிந்துவிடும். போதாததற்கு கூரையில் பாதி நாட்டு ஓடு, பலகை தாங்கக்கூடிய மொட்டை மாடி ஒரு மூலையில்தான் இருக்கும். வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் ஒரு படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டுக்கு சோலார் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. விடுதியாக மாற்றிவிட்டவர்களுக்கு வணிக இணைப்பு, அது திட்டத்துக்கே வெளியே. ஆனால் வளவில் இன்னும் குடியிருக்கிற ஆச்சிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கரண்ட் பில் வருகிறது.

"செட்டிநாட்டு வீடுகளுக்குச் சலுகை உண்டா?" என்று கேட்டால் "அப்படி முன்மொழிவு எதுவும் பரிசீலனையில் இல்லை" என்று ஒரே வரியில் முடியும். இதைப் பொதுவாக்க வேண்டும். பாகப்பிரிவினை ஆகாத வீடு கேரளத்திலும் உண்டு, குஜராத்திலும் உண்டு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) வாரிசுகள் பலருக்குப் பொதுவான, பாகப்பிரிவினை ஆகாத குடியிருப்பு வீடுகளுக்குப் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் பெற வழிமுறை உள்ளதா, (ஆ) உள்ளதெனில் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் விண்ணப்பிக்கத் தேவையான ஆவணங்கள் யாவை, (இ) மின் இணைப்பின் பெயரும் விண்ணப்பதாரர் பெயரும் பொருந்தாததால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் மாநில வாரியாக எத்தனை, (ஈ) வழிமுறை இல்லையெனில் அதை வகுக்கும் திட்டம் உண்டா?"

(இ)-க்குப் பெரும்பாலும் "இத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை" என்றுதான் வரும். பரவாயில்லை. (ஆ)-க்கு வருகிற பதில் மின்வாரிய அலுவலகத்தில் காட்டத் தக்க காகிதம். ஆவணம் இன்னின்ன போதும் என்று அமைச்சர் எழுதிவிட்டால், அதற்கு மேல் ஒரு சான்று கொண்டுவா என்று கவுன்டரில் சொல்வது கொஞ்சம் கஷ்டமாகும்.

ஆத்தங்குடித் தரைக்கல் எவ்வளவு ஏற்றுமதியாகிறது என்று வர்த்தக அமைச்சரிடம் கேட்டால் சொல்வாரா?

சொல்ல மாட்டார், சொல்ல முடியாது. ஏற்றுமதிக் கணக்கை கொல்கத்தாவில் உள்ள வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளிவிவர இயக்ககம் திரட்டுகிறது. அது பொருளின் ஊரைப் பார்ப்பதில்லை, சுங்கக் குறியீட்டு எண்ணைப் பார்க்கிறது. கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, மணல் சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த ஆத்தங்குடிக் கல்லும், எங்கோ இயந்திரத்தில் அழுத்திய சிமென்ட் கல்லும் அந்த ஏட்டில் 6810 என்ற ஒரே தலைப்பில் போய் விழும். பனையோலைக் கொட்டானுக்கு 4602, உலகத்துக் கூடைகள் எல்லாவற்றோடும் சேர்த்து.

ஆகவே "ஆத்தங்குடி" என்று கேட்டால் "தனியாகப் பராமரிக்கப்படுவதில்லை" என்ற பதிலோடு வாய் மூட வேண்டியதுதான். இரண்டு வழி உண்டு. ஒன்று, 6810-ன் உட்பிரிவில் கல், பலகை வகை தமிழ்நாட்டிலிருந்து எந்தெந்த நாட்டுக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு போனது என்று கேட்பது. நம்முடையது அதில் ஒரு துளிதான் என்றாலும், வாங்குகிற நாடு எது என்று தெரிந்தால் வியாபாரிக்குப் பிடி கிடைக்கும். இரண்டாவது, கைவினைச் சிமென்ட் கல்லுக்குத் தனி உட்குறியீடு தரும் எண்ணம் உண்டா என்று கேட்பது. எட்டு இலக்கக் குறியீட்டில் கடைசி இரண்டை இந்தியாவே வைத்துக்கொள்ளலாம், அதனால் இது ஆகாத காரியம் அல்ல. குறியீடு கிடைத்தால்தான் கணக்கு வரும். கணக்கு வந்தால்தான் "இந்தத் தொழிலுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று மேசையைத் தட்ட முடியும்.

ஜி.எஸ்.டி. விகிதம் பற்றி வர்த்தக அமைச்சரிடம் போகாதீர்கள். அது நிதி அமைச்சகம், அவர்களும் ஜி.எஸ்.டி. கவுன்சிலைக் கை காட்டுவார்கள்.

கண்டாங்கிச் சேலைக்கும் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டதே, இனி என்ன கேட்பது?

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் வந்தது, செட்டிநாட்டுக் கொட்டானுக்கு அதற்கு முன்பே. குறியீடு வாங்கிய அன்று மாலை போட்டுப் படம் எடுத்ததோடு பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவு பத்து ஆண்டுக்குத்தான், புதுப்பிக்க வேண்டும். தறிக்காரர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்தால்தான் அந்தப் பெயரின் பாதுகாப்பு அவர் கைக்கு வரும்.

பதிவேடு சென்னை கிண்டியில் இருக்கிறது, அமைச்சகம் வர்த்தகம் மற்றும் தொழில். கேட்க வேண்டியது இது: தமிழ்நாட்டுக் குறியீடுகள் ஒவ்வொன்றிலும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் எத்தனை பேர், போலி என்று எத்தனை வழக்கு, புதுப்பிக்காமல் எத்தனை காலாவதி. கைத்தறி நூல், மானியம், சந்தை என்றால் ஜவுளி அமைச்சகம்.

பர்மாவில் விட்டுவந்த எங்கள் தாத்தா சொத்து?

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கேள்விப் பட்டியலும் முடியாது. 1930-களின் விலைவீழ்ச்சிக்குப் பிறகு கடனுக்கு ஈடாகக் கீழ்பர்மா விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கைக்கு வந்தது. போர் வந்தது, சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது, 1962-ல் ராணுவ ஆட்சி வந்து மிச்சத்தையும் துடைத்தது. பெட்டகத்தில் பத்திரம் இன்னும் இருக்கலாம். ஆனால் கடந்துபோன வரலாற்றைப் பற்றிச் சாதாரணமாகக் கேள்வி கேட்கக் கூடாது என்று மக்களவை விதியே இருக்கிறது. இன்றைய மியான்மர் வர்த்தகம், தேக்கு இறக்குமதி பற்றி வேண்டுமானால் கேளுங்கள். 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் உருட்டுத் தேக்கை ஏற்றுமதி செய்யத் தடை போட்டதால், பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவருக்கு அது இன்றைய பிரச்சினைதான்.

கேள்வி எழுதும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?

மக்களவைக் கேள்வி என்றால் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், அடைமொழி, அவதூறு கூடாது. கிண்டல் கூடாது என்றே விதி சொல்கிறது, நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இதுதான் சிரமம். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியைத் திரும்பப் போட்டால் ஏற்க மாட்டார்கள், அதனால் முதலில் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று மூன்று கூட்டத்தொடர். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே எம்.பி. அலுவலகத்தில் உங்கள் தாள் இருக்கட்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று கொடுப்பது புத்திசாலித்தனம்.

வந்த பதிலை எப்படிப் படிப்பது?

பழைய கணக்கப்பிள்ளை ஐந்தொகையை (இருப்புக் கணக்கை)ப் படிக்கிற மாதிரி: எழுதியதைப் பார்ப்பதற்கு முன் எழுதாமல் விட்டது எது என்று பாருங்கள்.

நீங்கள் (அ), (ஆ), (இ), (ஈ) என்று நாலு கேட்டிருப்பீர்கள். பதில் "(அ) முதல் (ஈ) வரை:" என்று ஆரம்பித்து ஒரே பத்தியாக ஓடும். அப்படி மொத்தமாகக் கட்டினாலே ஏதோ ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் வரியைக் குறியுங்கள். ஒன்றுக்கு வரி இருக்காது. அதுதான் அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி.

"மின் வினியோகம் மாநிலத்தின் பொறுப்பு" என்றால் கை கழுவுகிறார்கள். அதே பத்தியில் "மத்திய அரசு இதுவரை இத்தனை கோடி வழங்கியுள்ளது" என்று வந்தால் அந்த இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்கலாம். மாவட்டம் கேட்டதற்கு மாநில எண் வந்திருந்தால், மாவட்ட எண் நன்றாக இல்லை என்றோ திரட்டவில்லை என்றோ பொருள். "இலக்கு" என்ற எண்ணும் "சாதனை" என்ற எண்ணும் ஒரே வரியில் கலந்திருந்தால் பிரித்துப் பாருங்கள். முன்னுரையில் திட்டத்தின் பெருமை இரண்டு பத்தி ஓடினால் அதைத் தாண்டிக் கடைசி இணைப்புக்குப் போங்கள், அட்டவணை அங்கேதான் இருக்கும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று சொன்னால் ஏமாற்றுகிறார்களா?

உண்மையில் நல்ல செய்தி. "திரட்டி அவையில் வைக்கப்படும்", "பரிசீலிக்கப்படும்" போன்ற சொற்கள் அரசு வாக்குறுதியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாததைத் துரத்தவே மக்களவையில் 1953-லிருந்தும் மாநிலங்களவையில் 1972-லிருந்தும் அரசு வாக்குறுதிகள் குழு இருக்கிறது. அவகாசம் கேட்டு நீட்டிக்கொண்டே போவார்கள் என்பதும் நிஜம். ஆனாலும் கோப்பு மூடாது. "தரவு பராமரிக்கப்படுவதில்லை" என்பதுதான் கதவடைப்பு.

அமைச்சர் தப்பான தகவல் சொல்லிவிட்டால்?

எம்.பி. சபாநாயகருக்கு எழுதி, பிழையைச் சுட்டிக்காட்டலாம். அமைச்சர் தாமாகவே திருத்த அறிக்கை வைப்பதும் நடக்கிறது. பதிலில் தொடங்கி அமைச்சர் பதவி போன கதையும் உண்டு. 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போனது பற்றிய கேள்விகள் விசாரணையாக வளர்ந்து, நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் விலகினார்.

தமிழில் கேட்கலாமா?

உறுப்பினர் தமிழில் துணைக்கேள்வி கேட்கலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. அமைச்சரின் பதில் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். 2009-ல் மதுரையிலிருந்து போய் உரத்துறை அமைச்சரான மு.க. அழகிரி தமிழில் பதில் சொல்ல அனுமதி கேட்டபோது இந்த வழக்கம் பெரிய விவாதமானது.

கேள்வி கேட்க எம்.பி.க்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

ஒரு பைசா கூடாது. பணம் வாங்கிக் கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்களை நாடாளுமன்றம் வெளியேற்றியது. இடையில் யாராவது "செலவாகும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.பி. அலுவலகம் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்வது?

அடுத்த எம்.பி.க்கு அனுப்புங்கள். துறை ஆர்வத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது நல்லது: கல்வி நிலைக்குழுவில் இருப்பவருக்குக் கல்வி, வர்த்தக நிலைக்குழுவில் இருப்பவருக்கு ஏற்றுமதி. அதுவும் நடக்காவிட்டால் அதே நாலு கேள்வியைத் தகவல் உரிமைச் சட்ட மனுவாக மாற்றி, 10 ரூபாய் கட்டி, அதே அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது, மனுவில் அந்த வரியைச் சேர்த்து எழுதுங்கள். "உண்டா, ஏன் இல்லை" என்ற கேள்விகளை மட்டும் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் இந்தச் சட்டத்தில் காகிதத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும், காரணம் சொல் என்று கேட்க முடியாது. கிடைத்த பதிலின் நகலோடு மறுபடி எம்.பி. அலுவலகத்துக்குப் போனால், இரண்டாவது தடவை உட்காரச் சொல்வார்கள்.